பெயர் கிடைக்காத அரிப்பு: மாத்தளை மாவட்டமும் ஆண்களின் மறைவிடத் தோல்நோயும்

ஆணின் மறைவிடத்தில் தோன்றி மாதக்கணக்காகவும் சில வேளை ஆண்டுக்கணக்காகவும் நீடிக்கும் அரிப்புக்கும் எரிவுக்கும் வெடிப்புக்கும் மருத்துவப் பெயரொன்று கிடைக்காமற் போவதற்கு, அந்த நோய் அபூர்வமானதாக இருப்பது அரிதாகவே காரணமாகிறது. தோலில் தொடங்கிய மாற்றம் ஒரு வைத்தியரின் கண்ணில் முதன்முதலாகப் படுவதற்குள், அதை உடையவர் வெட்கத்தினால் ஒளித்து ஒளித்துப் பூசியதும் கழுவியதும் சொறிந்ததும் சேர்ந்து அதன் இயல்பான உருவத்தை அழித்துவிடுகின்றன. இனங்காணப்படாத நோய் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இவ்வாறு இனங்காண முடியாததாக ஆக்கப்பட்ட நோயே என்று கொண்டால், அதனோடு வாழ்வது எப்படி என்ற கேள்வியும் வேறு வடிவம் பெறுகிறது.

இதைப் பரிசீலிப்பதற்கு மாத்தளை மாவட்டம் ஏற்ற இடம். தெற்கிலும் கிழக்கிலும் நக்கிள்ஸ் மலைத்தொடரின் ஈரச்சரிவுகளில் எல்கடுவ, ரத்தோட்டை, கம்மடுவ போன்ற இடங்களின் தோட்டங்களும், நடுவில் ஏலம், மிளகு, சாதிக்காய் விளையும் நகரச் சுற்றுப்புறமும், வடக்கே தம்புள்ளை, கலேவெல எனும் உலர்வலயச் சமவெளியும் ஒரே மாவட்டத்துக்குள் அடங்கியிருப்பதால், ஒரே நோய் வெவ்வேறு உடல்களில் வெவ்வேறு வழியாகப் புகுகிறது. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் இரவெல்லாம் மரக்கறி மூட்டை சுமக்கும் நாட்டாமியின் தொடையிடுக்கில் வியர்வை காய்வதே இல்லை. தடித்த ஜீன்ஸ் காற்சட்டையோடு முச்சக்கரவண்டி ஆசனத்தில் பகல் முழுவதும் அமர்ந்திருப்பவருக்கும் நிலைமை ஏறத்தாழ அதுதான். தோட்டத்துப் பீலியில் பலர் முன்னிலையில் ஈரச் சாரத்தோடு குளித்துவிட்டு லயக் குடியிருப்புக்குத் திரும்புகிறவருக்கு, உடம்பின் அந்தப் பகுதியைத் துவட்டிக்கொள்ளவோ வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளவோ தனியான இடம் கிடைப்பதில்லை.

மாவட்டத்தின் இன்னொரு தோல்நோயோடு ஒப்பிட்டால் இந்த மறைவின் விளைவு தெளிவாகும். மணல் ஈ கடிப்பதால் பரவும் லீஷ்மேனியாசிஸ் என்ற ஒட்டுண்ணி நோய் இலங்கையில் முகம், கை போன்ற திறந்த இடங்களில் ஆறாத பருவாகவோ புண்ணாகவோ தோன்றுகிறது. பெரும்பாலும் வலியோ அரிப்போ இல்லாத அந்த நோய் 2008ஆம் ஆண்டு முதல் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் இருப்பதோடு, அது காணப்படும் மாவட்டங்களுள் மாத்தளையும் ஒன்றாகக் கணக்கிடப்படுகிறது. வலிக்காத புண்ணுக்குக் கணக்கு இருக்கிறது. தூக்கத்தைக் கெடுக்கும் அரிப்புக்கு இல்லை. முகத்திலுள்ள பருவை அயலவர் பார்த்து, ஆசுப்பத்திரிக்குப் போகச் சொல்கிறார். சாரத்துக்குள் இருப்பதை மனைவிகூடப் பார்ப்பதில்லை.

மறைத்தல் சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. சித்த மருத்துவ மரபில் மேகம், வெட்டை, கிரந்தி, அரையாப்பு ஆகிய சொற்கள் சிறுநீர்க் கோளாறு, பாலுறவால் வரும் நோய், மறைவிடப் புண், இடுப்புமடிப்பு வீக்கம் எனப் பலவற்றைத் தொட்டு நிற்பவை. மக்கள் வழக்கிலோ இவை யாவும் கூடாத உறவின் தண்டனை என்ற ஒரே பொருளுக்குள் ஒடுங்கிவிட்டன. சிங்களப் பேச்சு வழக்கில் பாலியல் நோய்களுக்கு வழங்கிவந்த ‘சமாஜ ரோக’ என்ற சொல்லுக்குச் ‘சமூக நோய்’ என்பதே நேர்ப்பொருளாகையால், அங்கும் உடம்பின் நோய் ஊரின் நடத்தைக் குறையாகவே கேட்கிறது. இந்தச் சொற்களுக்கு அஞ்சுகிற ஆண் வேறொரு சொல்லைத் தேடுகிறார். ‘உடம்புச் சூடு’ என்கிறார், ‘வியர்க்குரு’ என்கிறார், அதுவும் முடியாதபோது தொடையில் படை என்று மட்டும் சொல்லி மேற்புறத்தைக் காட்டிவிட்டு வருகிறார். தாம் சொன்ன நோய்க்கான மருந்தை வாங்கிக்கொண்டு, சொல்லாத நோயின்மீது அதைப் பூசுகிறார்.

அடுத்த தடை நிறுவனங்களின் அமைப்பில் இருக்கிறது. இந்தியாவில் தோல்நோய், பாலியல் நோய், தொழுநோய் ஆகிய மூன்றும் ஒரே பட்டமேற்படிப்பாக, ஒரே துறையாக இருப்பதால், மறைவிடத்தில் தோல்நோய் உள்ளவர் எந்தக் கதவைத் தட்டினாலும் அதே வைத்தியரிடமே போய்ச் சேர்கிறார். இலங்கையிலோ தோல்நோய் வைத்தியம் ஒரு சிறப்புத்துறை, பாலியல் நோய் வைத்தியம் இன்னொன்று, தொழுநோய்க்குத் தனி இயக்கம். தேசிய பாலியல் நோய் மற்றும் எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ் மாவட்டங்கள்தோறும் இயங்கும் சிகிச்சை நிலையங்களுக்குக் கடிதமின்றி நேரே போகலாம், பணம் இல்லை, இரகசியம் காக்கப்படும். தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்துவிட்டதாக 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழை இலங்கை பெற்றதில் இந்த வலையமைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. ஆயினும் பாலியல் நோய் இல்லை என்று அங்கே உறுதியானவுடன் நோயாளி அனுப்பப்பட வேண்டியது தோல் கிளினிக்குக்கு. இடையிலுள்ள அந்தத் தூரத்தில்தான் பலர் காணாமற் போகிறார்கள். ‘ஒன்றுமில்லை’ என்ற சொல்லைப் பாலியல் நோய் இல்லை என்ற பொருளில் வைத்தியர் சொல்ல, தோலிலே எதுவுமில்லை என்று நோயாளி கேட்டுக்கொண்டு, அரிப்பு மட்டும் மாறாமல் வீடு திரும்புகிறார். எனினும் இந்த வரிசை தலைகீழாக வேண்டியதில்லை. வலியில்லாப் புண்ணொன்று சிபிலிசாக இருக்கக்கூடும் என்பதாலும், இரத்தப் பரிசோதனை ஒன்று தரும் உறுதியை வேறெந்த ஆறுதலும் தராது என்பதாலும், முதற்கதவு பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையமாக இருப்பதே நல்லது.

இனி நோயின் உள்ளே போகலாம். தென்னாசிய ஆண்களின் தொடையிடுக்கு அரிப்புக்கு மிகப் பொதுவான காரணம், தமிழில் படை என்றும் படர்தாமரை என்றும் வழங்கும் பங்கசுத் தொற்று. வளையம் வளையமாக ஓரம் சிவந்து நடு வெளுத்துப் பரவும் இதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம் என்றும், விதைப்பையை அது பொதுவாகத் தொடாது என்றும் பழைய பாடநூல்கள் எழுதின. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த வருணனை உடைந்துவிட்டது. இந்தியாவிலிருந்து பரவத் தொடங்கிய ஒருவகைப் பங்கசு, வழக்கமான டெர்பினபின் மாத்திரைக்கு மசியாமல், ஆண்குறித் தோல் வரையிலும் ஏறி, வீடு முழுவதற்கும் தொற்றுவதாகப் பரவலாகக் காணப்பட்டது. 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைத் தனி இனமாகப் பிரித்து டிரைக்கோபைட்டன் இந்தோட்டினியே என்று பெயரிட்டார்கள். பங்கசு தன் உயிரணுச் சவ்வைக் கட்டுவதற்கு வேண்டிய நொதியொன்றின் மரபணுவில் நேர்ந்த மாற்றமே மருந்தை எதிர்க்கும் வல்லமையை அதற்குத் தருகிறது. 2023இல் நியூயோர்க்கில் அதன் முதல் இரு நோயாளிகள் அறிவிக்கப்பட்டபோது, தென்னாசியக் கிராமங்களில் சாதாரணமாகிப்போன ஓர் அரிப்பு அமெரிக்காவில் பொதுச் சுகாதாரச் செய்தியாயிற்று.

இந்தப் பங்கசுக்கு ஊட்டமளித்தது பாமசி மேசையில் விற்கப்பட்ட கலப்புக் கிறீம். பங்கசு மருந்து ஒன்று, பற்றீரியா மருந்து ஒன்று, அவற்றோடு குளோபெட்டசோல் போன்ற வலிமையான ஸ்டீரொய்ட் ஒன்று ஆகியவற்றைக் குழைத்துச் செய்யும் இத்தகைய கிறீமின் கவர்ச்சி அதன் வேகத்தில் இருக்கிறது. ஸ்டீரொய்ட் என்பது உடலின் அழற்சியை, அதாவது சிவந்து வீங்கி அரிக்கும் எதிர்வினையை, அடக்கும் மருந்து. பூசிய இரவே அரிப்பு அடங்கிவிடுவதால் நோய் மாறிவிட்டதாகத் தோன்றும். ஆனால் பங்கசை எதிர்க்க வேண்டிய உடலின் காவலும் அதே இரவில் அடங்கிவிடுவதால் அது தடையின்றிப் பரவுகிறது. வளையத்தின் ஓரம் மங்கி, நடுவே புது வளையங்கள் முளைத்து, எந்த நோய்க்கும் பொருந்தாத ஒரு கலங்கலான செம்பரப்பாக அது மாறிய பிறகே நோயாளி தோல் வைத்தியர் முன் நிற்கிறார். இந்திய அரசு 2018இல் இத்தகைய பல பூச்சு மருந்துகளை வைத்தியரின் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. அதற்காகக் குரல் கொடுத்தவர்கள் அங்குள்ள தோல் வைத்தியர்களே. ஆனால் பாதிக் குழாய் மீந்துபோனால் அது நண்பனின் கைக்குப் போகிறது என்பதை எந்தப் பட்டியலாலும் தடுக்க முடியாது.

விதைப்பைத் தோல் இந்த மருந்துக்கு எவ்வளவு இடங்கொடுக்கிறது என்பதைப் பெல்ட்மன், மைபாக் என்ற ஆய்வாளர்கள் 1967இலேயே அளந்து காட்டினார்கள்: ஐதரோகோர்ட்டிசோன் என்ற மென்மையான ஸ்டீரொய்ட்டை முன்கைத் தோல் உறிஞ்சும் அளவை ஒன்று என்று கொண்டால், விதைப்பைத் தோல் உறிஞ்சுவது ஏறத்தாழ 42 மடங்கு. கையில் பூசும்போது பாதிப்பில்லாத மருந்து அங்கே பூசும்போது வேறொரு மருந்தாகிவிடுகிறது. வாரக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, நரம்பிழை போன்ற நாளங்கள் தெரியத் தொடங்கி, நிறுத்திய சில நாட்களில் தீப்பட்டது போன்ற எரிவும் செம்மையும் வந்துவிடுகின்றன. அதைத் தணிக்க மீண்டும் அதே கிறீம். சிவந்த விதைப்பை நோய்க்குறித் தொகுதி என்று 1997இல் பிஷர் என்பவர் பெயரிட்டு விவரித்த நிலையின் ஒரு பகுதியேனும் இந்தச் சுழற்சியின் விளைவு என்பது இன்று பல தோல் வைத்தியர்களின் கருத்து. அதற்கான சிகிச்சையின் முதற்படி கிறீமை வைத்தியரின் கண்காணிப்பில் நிறுத்துவது. நிறுத்திய முதல் வாரங்களில் எரிவு முன்னிலும் கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், அந்த எரிவையே நோய் முற்றியதற்கான சான்றாக நோயாளி எடுத்துக்கொள்வார். டொக்சிசைக்ளின் என்ற மாத்திரையும், நரம்பு வலியைத் தணிக்கும் கபபென்டின் வகை மருந்துகளும் சிலருக்கு இதில் உதவியிருக்கின்றன.

கிறீமுக்கு அடுத்த குற்றவாளி, யாரும் எதிர்பாராத ஒன்று: சுத்தம். பிரித்தானியாவில் திரும்பத் திரும்ப ஆண்குறி மொட்டு அழற்சியால் வருந்திய 43 ஆண்களை ஆராய்ந்து 1993இல் பேர்லியும் பிறரும் வெளியிட்ட முடிவின்படி, அவர்களில் 31 பேருக்கு இருந்தது தொற்றே அல்ல. சோப்பாலும் அளவுமீறிய கழுவலாலும் தோல் உறுத்தப்பட்டு வந்த அழற்சி. சோப்பைக் குறைத்து, தோலை ஈரப்பசையோடு வைக்கும் சாதாரணப் பூச்சைக் கொடுத்ததே அவர்களில் பெரும்பாலானோருக்குப் போதுமாயிருந்தது. நோய்வாய்ப்பட்ட இடத்தை அழுக்கு என்று கருதுகிற மனம், நாளுக்கு மூன்று முறை சோப்பு, அதன்பின் டெட்டோல் கலந்த நீர், அதன்பின் வேப்பிலைக் கஷாயம், அதன்பின் மஞ்சள் என்று போகிறது. மாத்தளையில் இதற்குக் கூடுதல் வசதி ஒன்றும் உண்டு: ஏ9 வீதியோரமாக நீண்டிருக்கும் வாசனைத் திரவியத் தோட்டங்களில் சுற்றுலாப் பயணிகளுக்கென விற்கப்படும் மூலிகைத் தைலங்களும் களிம்புகளும் உள்ளூர் வீடுகளுக்கும் எட்டாதவையல்ல. கிராம்பும் கறுவாவும் சமையலில் எவ்வளவு நல்லவையோ, அவற்றின் எண்ணெய்கள் தோலுக்கு அவ்வளவு பொல்லாதவை. ஒவ்வாமை தரும் வாசனைப் பொருட்களைக் கண்டறியத் தோலில் ஒட்டிச் செய்யும் சோதனையில், இவ்விரண்டின் வேதிக்கூறுகளும் உலகெங்கும் வழமையாகவே சேர்க்கப்படுகின்றன.

மற்றக் காரணங்களில் சிலவற்றைச் சுருக்கமாகக் குறித்தாற் போதும். சொறிசிரங்கை உண்டாக்கும் உண்ணி செத்த பிறகும் விதைப்பையில் அரிக்கும் முடிச்சுகள் பல வாரங்கள் இருக்கும். நோய் போகவில்லை என்று நினைத்து மீண்டும் மீண்டும் பென்சைல் பென்சோயேட் பூசினால் தோல் வெந்துபோகும், அதே வேளையில் நெரிசலான லயத்தில் ஒருவர் மட்டும் மருந்திட்டாலோ உண்மையிலேயே அது போகாது. மூட்டை சுமந்த உடல்வலிக்கு எப்போதோ ஒரு மாத்திரை விழுங்கும்போதெல்லாம் மொட்டின் ஒரே இடத்தில் கருஞ்சிவப்புப் புண் வந்து மாறுமானால், அது ஒருவகை மருந்து ஒவ்வாமை. வலி நிவாரணிகளும் சில நுண்ணுயிர் எதிர்ப்பிகளும் இதற்குப் பேர்போனவை. முன்தோல் வெடித்து வெண்படலம் படிவது நீரிழிவின் முதல் அறிவிப்பாக இருக்கக்கூடும் என்பதோடு, நீரிழிவுக்கே தரப்படும் எம்பாகிளிபுளோசின் போன்ற புதிய மாத்திரைகள் சிறுநீரோடு சீனியை வெளியேற்றுவதால் அதே தொல்லையைத் தரவும் கூடும். தொடையிடுக்கில் அரிப்பில்லாமல் பழுப்பாகப் படர்ந்து, பங்கசு மருந்துக்கு அசையாத ஒன்று பற்றீரியாவின் வேலையாக இருக்கலாம். ஊட் விளக்கு என்ற புற ஊதாக்கதிர் விளக்கின்கீழ் அது பவளச் சிவப்பாக ஒளிர்வது தோல் கிளினிக்கின் சிறிய அதிசயங்களில் ஒன்று. மொட்டின் விளிம்பில் வரிசையாக நிற்கும் முத்துப் போன்ற சிறு பருக்கள் நோயே அல்ல. ஆனால் தோல் வெளுத்து இறுகி முன்தோல் பின்வாங்க மறுப்பதும், வாரங்கள் கடந்தும் ஆறாத புண்ணும், தொட்டால் இரத்தம் கசியும் தடிப்பும் பொறுத்திருந்து பார்க்கத் தக்கவையல்ல. அவற்றிலிருந்து சிறு துணுக்கு வெட்டி உயிர்த்தசைப் பரிசோதனைக்கு அனுப்புவதே வழி, ஏனெனில் அவற்றுட் சில புற்றுநோயின் முன்னிலைகள். அவற்றின் மேலே பூசிய கிறீம் இழக்கச் செய்வது காலத்தை மட்டுமன்று.

இவ்வளவையும் பிரித்தறிய வைத்தியருக்கு வேண்டியவை பார்வையும் வரலாறும். பார்வைக்கு வெட்கம் தடையென்றால், வரலாற்றுக்கு மொழி தடை. தமிழ் 1987ஆம் ஆண்டின் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் ஆட்சிமொழியாகிவிட்ட போதிலும், மாத்தளை போன்ற மாவட்டத்தில் சிங்களம் பேசும் வைத்தியருக்கும் தோட்டத்துத் தமிழருக்கும் இடையே ஒரு தாதியோ, சிற்றூழியரோ, கூட வந்த மகனோ நிற்பது அரிதல்ல. மகனைக் கொண்டு இந்த நோயைச் சொல்லும் தகப்பன் என்ன சொல்வார் என்பதை ஊகிப்பது கடினமல்ல. மறைவிடம் என்பதற்குப் பதில் ‘கீழே’ என்பார், எத்தனை நாள் என்பதற்குப் பதில் ‘கொஞ்ச நாளாக’ என்பார், பூசியது என்னவென்ற கேள்விக்கு மறுமொழியே இராது. பூசிய குழாயையும் விழுங்கிய மாத்திரை அட்டையையும் பையில் போட்டுக்கொண்டு போவது இங்கே எந்த மொழிபெயர்ப்பாளரையும்விட அதிகம் பேசும். பூசுபவற்றுள் எதை, கிளினிக் நாளுக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்தவேண்டும் என்று முன்பே கேட்டுக்கொண்டால், தோலைச் சுரண்டிப் பொட்டாசியம் ஐதரொட்சைட்டில் இட்டு நுண்ணோக்கியில் பங்கசைத் தேடும் எளிய பரிசோதனையும் பலன் தரும்.

இவை யாவும் செய்து, கிறீம்கள் நிறுத்தப்பட்டு, சோப்பு விலக்கப்பட்டு, பரிசோதனைகள் சுத்தமாக வந்த பின்னும் எரிவு மட்டும் எஞ்சும் ஆண்கள் உண்டு. தோல் பார்வைக்கு நலமாக இருக்க, நரம்புகள் மட்டும் எரிவை அறிவித்துக்கொண்டிருக்கும் இந்த நிலையைப் பாசாங்கு என்பது தவறு, மனநோய் என்று மட்டும் சொல்லி விடுவதும் பாதி உண்மைதான். தாதுவும் விந்துவும் உயிர்ச்சாரம் என்ற நம்பிக்கை ஊறிய தென்னாசிய மண்ணில், மறைவிடத் தொல்லை எதுவும் தோலோடு நிற்பதில்லை. விந்து இழப்பைப் பற்றிய கவலையே உடல் நோவாக வெளிப்படும் நிலைக்கு 1960இல் இந்திய மனநல வைத்தியர் என். என். விக் தாது நோய்க்குறி என்று பெயரிட்டார். இலங்கை ஆண்களிடம் அதே கவலையைப் பத்மல் டி சில்வாவும் திசாநாயக்கவும் ஆராய்ந்து 1989இல் எழுதினார்கள். எரியும் தோலைக் கைப்பேசி வெளிச்சத்தில் நாளுக்குப் பத்து முறை பார்ப்பதும், நேற்றைய படத்தோடு இன்றைய படத்தை ஒப்பிடுவதும், மனைவியிடமிருந்து காரணம் சொல்லாமல் விலகுவதும், விலகலைச் சந்தேகமாக அவர் எடுத்துக்கொள்வதும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. உற்றுக் கவனிக்கப்படும் நரம்பு மேலும் உரக்கப் பேசும். நோவு பற்றிய அறிவியல் இன்று ஒப்புக்கொள்ளும் விடயம் அது.

இலங்கையிலேயே நடந்த ஓர் ஆய்வு இங்கே நேரடியாக உதவுகிறது, அது தோலைப் பற்றியது அல்லவென்றாலும். மருத்துவ விளக்கம் கிடைக்காத உடல் நோவுகளோடு வைத்தியர்களிடம் திரும்பத் திரும்ப வருபவர்களை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் அறிதல்-நடத்தைச் சிகிச்சையையும், மறு குழுவுக்குக் குறித்த நாட்களில் ஒரே வைத்தியர் முறையாகப் பார்த்துப் பேசும் ஒழுங்கமைந்த கவனிப்பையும் அதுல சுமதிபாலவும் அவருடன் பணியாற்றியோரும் அளித்து, முடிவை 2008இல் வெளியிட்டார்கள். இரு குழுவினரும் தேறினார்கள். முதலாவது இரண்டாவதை விஞ்சவில்லை. நுட்பமான சிகிச்சை தோற்றது என்று இதை வாசிப்பவர்கள் உண்டு. எளிய கவனிப்பு அதற்கு இணையாக நின்றது என்று வாசிப்பதே மாத்தளைக்கு அதிகம் பயன்படும், ஏனெனில் அறிதல்-நடத்தைச் சிகிச்சை தெரிந்தவரைத் தமிழில் தேடிப் பிடிப்பது அங்கே கடினம், கிளினிக் கொப்பியில் அடுத்த திகதியை எழுதுவது கடினமல்ல. ‘கூடினால் வாருங்கள்’ என்று சொல்லி அனுப்பப்படும் நோயாளி கூட்டிக்கொண்டுதான் வருவார், அல்லது வேறு பாமசியில் வேறு கிறீமை வாங்குவார். ஆறு வாரத்தில் வரும் ஒரு செவ்வாய்க்கிழமை கொப்பியில் குறிக்கப்பட்டிருந்தால், இடையில் எரிந்த இரவுகளைத் தனியாகத் தீர்மானிக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லாமற் போகிறது.